தற்போதைய பயன்பாடு

துப்ளி விரிகுடா, தென்மேற்கு மூலை.
வரைபடத்தில் சாம்பல் நிறம்.
பரப்பு பதினொன்றரை ஹெக்டேர்.
கொட்ட வேண்டிய மணல்
மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் கன மீட்டர்.
‘தற்போதைய பயன்பாடு’ என்ற கட்டத்தில்
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
எழுதிவிட்டுப் போயிருந்தார்:
இல்லை.

அளவுக் கணக்கர் வேலை எனக்கு.
சிமெண்ட், கம்பி, கருங்கல், ஆள்கூலி
எதற்கும் ஓர் அலகு உண்டு
அலகுக்கு ஒரு விலை உண்டு.
விலை போடாமல் ஒரு வரியையும்
நான் கடந்ததில்லை.

சேற்றின் ஆழம் பார்க்க
வற்றம் இறங்கும் நேரமாகப் போனேன்.
கழிவுநீர் வாடை.
கால்களை வானத்துக்குக் காட்டியபடி
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
பின்னால் சித்ரா போகும் சாலையின் இரைச்சல்.
புல்டோசரை அணைத்துவிட்டு ஷேர் ஆலம்
நிழலைத் தேடிப்போய்
சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்தார்.

முட்டிவரை புதைந்து கோலை இறக்கினேன்.
சேறு நகர்ந்தது.
சேறு இல்லை.
சேற்று நிறத்தில் நூறு நூறு முதுகுகள்.

“நீங்கள் நிற்பது
சாப்பாட்டு மேசையின் மேல்” என்றாள் ஒருத்தி,
முக்காலியில் தொலைநோக்கி, கையில் எண்ணும் கருவி.
பத்ரியா. பள்ளியில் வேதியியல் டீச்சர்.
வெள்ளிக்கிழமை தோறும் வந்து எண்ணுகிறாள்,
யாரும் கேட்காமலே.

கொசு உள்ளானைக் காட்டினாள்.
வந்தபோது இருபத்திரண்டு கிராம்.
முப்பதைத் தாண்டினால்தான்
வடக்கே பனி உருகும் நாட்டுக்குப் போய்ச் சேரும்.
“தாண்டாவிட்டால்?”
அவள் கருவியை அழுத்தினாள்,
டிக், டிக், டிக்.

பிறகுதான் பார்த்தேன்.
பெரிய கோட்டான் தன் வளைந்த அலகை
அடிவரை செருகிப்
புழு ஒன்றை அவசரமின்றி உருவியது.
மூக்கனின் அலகு அதில் பாதி ஆழம்.
பவளக்காலிக்கு விரல் நீளம்.
உள்ளானுக்கு மேல்தோல் போதும்,
தையல் இயந்திரம் போல் குத்திக்கொண்டே ஓடியது.
நான் ஒரு கோலை வைத்துக்கொண்டு
ஒரே ஒரு ஆழத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.
அவை எல்லா ஆழத்தையும்
அலகு அலகாக அளந்துகொண்டிருந்தன.

ஓதம் திரும்பியது.
மேசை விளிம்பிலிருந்து சுருங்கியது.
ஆறு மணி நேரம்தான் இந்தக் கடை.
பூநாரைகள் மட்டும் நீருக்குள் நின்றன,
உயரமானவர்களுக்கே உரிய அலட்சியத்தோடு.

நானும் ஒரு வலசைப் பறவைதான்
என்று எழுதத் தோன்றியது. எழுத மாட்டேன்.
எனக்குப் பசித்தால் மனாமாவில் மெஸ் இருக்கிறது,
அது மூடினால் இன்னொன்று.
இந்தச் சேற்றை மூடினால்
அடுத்த சேறு எங்கே என்று
இருபத்திரண்டு கிராமில்
யாரைப் போய்க் கேட்பது?

திங்களன்று ‘இல்லை’யை அழித்தேன்.
பயன்பாடு: உணவு.
அளவு: நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு,
பத்ரியாவின் வெள்ளிக்கிழமைக் கணக்கு.
விலை: காலியாக விட்டேன்.
என் பெயரில் முதல் காலி இடம்.

“அலகு என்ன போட்டிருக்கிறாய், பெர்பெத்துவா?
கன மீட்டரா, டன்னா?”
ஹைதம் நல்ல மனிதர், கோபப்படவில்லை.
அளப்பதற்கும் கொத்துவதற்கும்
என் மொழியில் ஒரே சொல் என்று
அவருடைய மொழியில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.
“பறவை” என்றேன்.
“அது அலகில்லையே” என்றார்.

கோப்பு நேற்றுத் திரும்பி வந்தது.
அடிக்கவும் இல்லை, கையெழுத்தும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
கோட்டானின் மூக்கு மாதிரி.

கேட்டில் மணல் லாரிகள் ஏழு நிற்கின்றன.
ஷேர் ஆலம் போன் செய்து கேட்கிறார்,
இறக்கவா, வேண்டாமா.
இன்றைய வற்றம்
பகல் இரண்டு பத்துக்கு.